கடலடி வண்டலில் எண்ணெய் படிந்தால் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் மோதினாலும் எண்ணெய்க் கிணறு வெடித்தாலும் படங்களில் வருவது மேலே மிதக்கும் எண்ணெய்தான். அது கண்ணை விட்டு மறைந்த பிறகு கடலடிச் சேற்றிலும் மணலிலும் நடப்பதைப் பற்றியது இந்தப் பக்கம். கடல் உயிரியல் மாணவர்கள், கடலோர மக்கள் அமைப்புகள், செய்தியாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணற்று விபத்திலிருந்து வருகின்றன. அந்த அளவுக்குக் கடலடி நுண்ணுயிர்களை நெருக்கமாக ஆராய்ந்த எண்ணெய்க் கசிவு வேறு இல்லை. எண்ணூரைப் பற்றிய கேள்வி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும்தானே, அடிக்கு எப்படிப் போகிறது?

கச்சா எண்ணெயின் லேசான பகுதி முதல் சில நாள்களிலேயே ஆவியாகிவிடும். மிச்சம் கெட்டிப்படும், அடர்த்தி கூடும். அதில் களிமண் துகளோ மணலோ ஒட்டிக்கொண்டால் மூழ்கத் தொடங்கும். கப்பல் எரிபொருளான கன எண்ணெய்க்கு ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். அலை உடையும் இடத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்தாலே அது தரைக்குப் போய்விடும்.

இன்னொரு வழி கடற்பனி. நுண்பாசிகளும் பாக்டீரியாக்களும் சுரக்கும் பிசின் போன்ற பொருள், இறந்த உயிரிகள், கழிவுத் துகள்கள் எல்லாம் சேர்ந்து பஞ்சுத் திரளாகி மெதுவாகக் கீழே இறங்குவதற்கு அந்தப் பெயர். எண்ணெய் கலந்த நீரில் பாக்டீரியாக்கள் இந்தப் பிசினைக் கூடுதலாகச் சுரக்கின்றன. எண்ணெய்த் துளிகள் அதில் மாட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகின்றன. மெக்சிகோ வளைகுடாவில் கிணறு இருந்த இடம் சுமார் 1,500 மீட்டர் ஆழம். அங்கு கடலடியில் படிந்த எண்ணெயின் தடம் சுமார் 3,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்ததை, எளிதில் சிதையாத ஹோப்பேன் என்ற சேர்மத்தை வைத்துக் கண்டறிந்தார்கள்.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா சேற்றில் முன்பே இருக்குமா?

இருக்கும். உலகக் கடல்களின் அடித்தரையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் டன் எண்ணெய் இயற்கையாகவே கசிகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அதுபோக, கடலின் நீலப்பச்சைப் பாசிகளே ஹைட்ரோகார்பன்களை, அதாவது எண்ணெயில் உள்ளதுபோன்ற கார்பன்–ஹைட்ரஜன் சேர்மங்களை, உண்டாக்குகின்றன. ஆகவே ஹைட்ரோகார்பனை உணவாகக் கொள்ளும் உயிரிகள் எல்லாக் கடலிலும் உண்டு. மேல்பரப்பு வண்டலில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கோடி முதல் 100 கோடி நுண்ணுயிர்ச் செல்கள் இருக்கும். எண்ணெய் படாத இடத்தில் அவற்றில் எண்ணெய் தின்பவை மிகச் சொற்பம். எண்ணெய் வந்தால் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் அவை பெருகிவிடும்.

இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே அடித்தளம். பாக்டீரியாவுக்குப் பஞ்சம் ஒருபோதும் இல்லை. பஞ்சம் வருவது ஆக்சிஜனுக்கும், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகளுக்கும்தான்.

எந்தப் பாக்டீரியா எப்போது பெருகும்?

எண்ணெய் ஒரே பொருள் கிடையாது. நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள், கிளைச்சங்கிலிகள், நாஃப்தலீன், ஃபீனாந்த்ரீன் போன்ற அரோமேட்டிக் வளையங்கள், பிசின்கள், ஆஸ்பால்ட்டீன்கள் என ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை அது. சுலபமானது முதலில் தீரும், கடினமானது கடைசிவரை நிற்கும். பாக்டீரியாக்களும் அந்த வரிசையில்தான் மாறி மாறித் தலையெடுக்கின்றன.

ஆக்சிஜன் உள்ள கடலோர மணலில் முதலில் எழுபவை அல்கானிவோராக்ஸ், மரினோபாக்டர் போன்றவை. வட கடலின் போர்க்கும் தீவருகே கிடைத்து 1998இல் பெயரிடப்பட்ட அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ் ஏறக்குறைய ஆல்கேன்களை மட்டுமே நம்பி வாழ்கிறது. சர்க்கரை கொடுத்தாலும் அதற்கு வேண்டாம். சுத்தமான கடலில் தேடினால் கிடைப்பதே அரிது, எண்ணெய் வந்தால் கூட்டத்தில் பெரும்பங்கு அதுவாகிவிடும். ஆல்கேன்கள் குறைந்ததும் அரோமேட்டிக் வளையங்களை உடைக்கும் சைக்ளோகிளாஸ்டிகஸ் மேலே வரும். அதற்கும் பிறகு, மிச்சத்தையும் இடைப்பொருள்களையும் உண்ணும் ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியாக்கள். ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்கரை மணலில் இந்த வரிசை தெளிவாகப் பதிவானது. ஏறத்தாழ ஓராண்டில் அங்குள்ள கூட்டம் சாதாரணக் கடற்கரை மணலின் கூட்டத்தை ஒத்துவிட்டது.

4 டிகிரி குளிரில் உள்ள ஆழ்கடலில் ஆள்கள் வேறு. 2010இல் சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில் பரவிய, எண்ணெய் கலந்த நீர்த்திரளில் முதலில் ஓசியனோஸ்பிரில்லேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பாக்டீரியாக்களும், பிறகு கோல்வெல்லியா, சைக்ளோகிளாஸ்டிகஸ் ஆகியவையும் பெருகின. சில மாதங்கள் கழித்துக் கடலடி வண்டலை எடுத்துப் பார்த்தபோது, மிகவும் மாசுபட்ட மாதிரிகளில் ஓங்கியிருந்தவை கோல்வெல்லியாவும், இன்னும் வளர்ப்பு ஊடகத்தில் பிடிபடாத ஒரு காமாபுரோட்டியோபாக்டீரியமும். மேலே உள்ள நீரில் கண்ட கூட்டமும் அடியில் கண்ட கூட்டமும் ஒன்றாக இல்லை. நீர் மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டு கடலடியைப் பற்றிப் பேசக்கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஆக்சிஜன் ஏன் இவ்வளவு முக்கியம்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். ஒரு கிராம் எண்ணெய் முழுமையாக கார்பன் டை ஆக்சைடாக மாறச் சுமார் 3.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் பகுதிக் கடல்நீர் 28 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக, ஒரு கிராம் எண்ணெய்க்கு 500 லிட்டருக்கு மேற்பட்ட கடல்நீரின் மொத்த ஆக்சிஜனும் செலவாகும். கார்பனில் ஒரு பங்கு பாக்டீரியாவின் உடலாக மாறுவதால் நடைமுறையில் தேவை கொஞ்சம் குறையும், ஆனாலும் அளவு இதுதான்.

இப்போது சேற்றைப் பாருங்கள். கடலோரச் சேற்றில் ஆக்சிஜன் இறங்குவது மேலே சில மில்லிமீட்டர் மட்டுமே. அதற்குக் கீழே ஆக்சிஜன் போகிறது என்றால், புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி நீரை உள்ளே இழுப்பதால்தான். எண்ணெயின் நச்சு முதலில் கொல்வது அவற்றை. வளைகள் மூடிக்கொள்கின்றன, ஆக்சிஜன் இன்னும் மேலே சுருங்குகிறது, சிதைவு இன்னும் மெதுவாகிறது. பாக்டீரியாவின் கதையை மட்டும் தனியாகப் பிரித்துப் படித்தால் இந்தச் சங்கிலி கண்ணில் படாது.

ஆக்சிஜனே இல்லாத கறுப்புச் சேற்றில் எண்ணெய் சிதையவே சிதையாதா?

சிதையும், ஆனால் நிதானமாக. அங்கே சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. ஆக்சிஜன் இல்லாததால் ஹைட்ரோகார்பனை நேரடியாக ஆக்சிஜனேற்ற முடியாது. அதனால் அவை முதலில் அதன்மேல் ஃபியூமரேட் என்ற சிறு மூலக்கூறை ஒட்டவைத்துப் பிறகு உடைக்கின்றன. இப்படி உண்டாகும் பென்சைல் சக்சினேட் வகைச் சேர்மங்கள் வண்டலில் கிடைத்தால், ஆக்சிஜனற்ற சிதைவு அங்கே உண்மையாகவே நடக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. மெக்சிகோ வளைகுடா ஆழ்கடல் வண்டலில் அப்படிப்பட்ட சான்று கிடைத்தது.

சல்ஃபேட்டுக்குக் கடலில் குறைவில்லை. லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் உண்டு. ஒரு கிராம் எண்ணெய்க்குத் தேவையான சல்ஃபேட் இரண்டு லிட்டர் கடல்நீரிலேயே இருக்கிறது. குறை இருப்பது வேகத்தில். சல்ஃபேட் சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு, ஆகவே செல் பெருகுவதும் மெதுவாகத்தான். விளைபொருளும் தொல்லை தருவது. ஒரு கிராம் எண்ணெய் இப்படிச் சிதைந்தால் ஏறக்குறைய 1.8 கிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். சேற்றைக் கிளறும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது இரும்புடன் சேர்ந்தால் கறுப்பு நிறம். மீறியது மேலே கசிந்தால் மிச்சமிருக்கும் புழுக்களையும் கொல்லும்.

கறுப்பாக இருக்கும் சேறெல்லாம் எண்ணெய்ச் சேறு என்று எண்ணிவிட வேண்டாம். சாக்கடை நீர் சேர்ந்த கழிமுகச் சேறும் இதே நிறத்தில், இதே நாற்றத்துடன் இருக்கும். அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

பெருகுபவை இருக்கட்டும், அழிபவை எவை?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எங்கள் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

எண்ணெய் வந்ததும் மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் கூடுகிறது, வகைகளின் எண்ணிக்கை குறைகிறது. பின்னடைபவற்றில் கவலை தருபவை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் ஆர்க்கியாக்களும் (பாக்டீரியா போன்ற வேறொரு வகை ஒற்றைச்செல் உயிரிகள்) பாக்டீரியாக்களும். இவை மெதுவாக வளர்பவை, எண்ணெயின் கரையும் பகுதியால் எளிதில் பாதிக்கப்படுபவை. போதாக்குறைக்கு எண்ணெய் தின்னும் கூட்டம் இவற்றுக்கு வேண்டிய அமோனியாவையும் ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொள்கிறது. இவை நின்றுபோனால் நைட்ரேட் உற்பத்தி குறைகிறது. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் கழிமுகத்திலிருந்து வெளியேற்றும் அடுத்த கட்டமும் காலப்போக்கில் ஆட்டம் காண்கிறது. ஊர்ச் சாக்கடை வந்து சேரும் கழிமுகத்துக்கு இது பெரிய இழப்பு.

மெக்சிகோ வளைகுடா ஆழ்கடல் வண்டலில் நைட்ரேட்டை வாயுவாக்கும் மரபணுக்கள் மாசுபட்ட மாதிரிகளில் கூடியே இருந்தன. எண்ணெய் தின்பவற்றில் பல, ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டைச் சுவாசிக்கக் கூடியவை என்பதே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே நைட்ரஜன் சுழற்சி ‘அழிந்தது’ என்றோ ‘வளர்ந்தது’ என்றோ ஒரே சொல்லில் முடிக்க இயலாது. ஒவ்வொரு படியையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

மணல், சேறு, அலையாத்திச் சதுப்பு: எங்கே நெடுநாள் தங்கும்?

அலை புரளும் மணலில் நீர் உள்ளே புகுந்து வெளியேறுவதால் ஆக்சிஜன் பல சென்டிமீட்டர் ஆழம்வரை கிடைக்கும், அதனால் சிதைவும் வேகம். சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கிடையிலும் ஆண்டுக்கணக்காகும்.

மணலிலும் ஒரு பொறி இருக்கிறது. பென்சகோலாவில் மணலுக்குள் நுண்ணிய அளவில் பரவிய எண்ணெய் சுமார் ஓராண்டில் பெருமளவு போய்விட்டது. அதே மணலில் கோல்ஃப் பந்து அளவில் கட்டியாகிப் புதைந்த எண்ணெய் உருண்டைகள் முழுதும் சிதைய 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே எண்ணெய், அதே பாக்டீரியா, அதே வெப்பம். மாறியது பரப்பளவு ஒன்றுதான். கட்டியின் உள்ளே ஆக்சிஜனும் சத்தும் போவதில்லை. தார் உருண்டைகளைப் பொறுக்கி எடுப்பதை ஒப்புக்குச் செய்யும் வேலையாக நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

அலாஸ்காவிலும் இதே பாடம். 1989 மார்ச் 24 அன்று எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. கூழாங்கல் கரைகளின் கீழ்மண்ணில் அது 25 ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தது. நீரோட்டம் குறைந்த அந்த அடுக்குக்குள் ஆக்சிஜன் போதிய அளவு போய்ச் சேரவில்லை.

சிதறடிப்பான் மருந்து தெளித்தால் பாக்டீரியாவுக்கு உதவியா, உபத்திரவமா?

எண்ணெயைச் சிறு துளிகளாக்கினால் பரப்பு கூடும், சிதைவும் விரைவாகும் என்பதுதான் எண்ணம். 2010இல் கோரெக்சிட் வகை மருந்துகள் சுமார் 70 லட்சம் லிட்டர் பயன்பட்டன. அதில் சுமார் 29 லட்சம் லிட்டர் கடலுக்கடியில் கிணற்று வாயிலேயே செலுத்தப்பட்டது. பிறகு ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு சோதனையில், மருந்து சேர்த்த குடுவைகளில் கோல்வெல்லியா பெருகியது, மரினோபாக்டர் அடங்கியது, எண்ணெய்ச் சிதைவு கூடவில்லை. எண்ணெயின் செறிவைக் கடலில் உள்ளதுபோல் மிகக் குறைத்துச் செய்த வேறு சோதனைகளில் சிதைவு நன்றாகவே நடந்தது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

வண்டலைப் பொறுத்தவரை எங்கள் நிலை இது: ஆழம் குறைந்த, சேறு மிதக்கும் கழிமுகத்தில் சிதறடிப்பான் தெளிக்கவே கூடாது. மேலிருந்து வழித்தெடுக்கக் கூடிய எண்ணெயை அது துளியாக்கிச் சேற்றுடன் கலந்துவிடும்.

பாக்டீரியாப் பொடியோ உரமோ தூவினால் சீக்கிரம் சரியாகுமா?

பாக்டீரியாப் பொடி திறந்த கடலடியில் பயன் தந்ததற்கு நம்பத்தக்க சான்று மிகக் குறைவு. வெளியிலிருந்து வந்தவை உள்ளூர்க் கூட்டத்துடன் போட்டியிட்டு நிலைப்பதில்லை. அலையில் அடித்துப் போகும், ஒற்றைச்செல் உயிரிகளுக்கு இரையாகும். வழித்தெடுத்த எண்ணெய்க் கசடைக் கரையில் குழிகளில் போட்டு, ஈரம், காற்று, உரம் எல்லாம் கட்டுப்பாட்டில் வைத்துச் சிதைப்பது வேறு வேலை. அங்கே பாக்டீரியாக் கலவை பயன்படுகிறது.

உரத்துக்குச் சான்று உண்டு. அலாஸ்காவில் எண்ணெயில் ஒட்டும் உரமும் மெதுவாகக் கரையும் உரமும் போட்டதில் மேற்பரப்பு எண்ணெய் விரைவாகச் சிதைந்தது. அங்கே நீர் சத்துக் குறைந்தது, கரையில் காற்றும் கிடைத்தது. சாக்கடை வரும் நம் கழிமுகங்களில் நைட்ரஜன் ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது, குறைவது ஆக்சிஜன். அங்கே உரம் போட்டால் பாசி மண்டி, அது அழுகி, இருக்கும் ஆக்சிஜனும் போகும்.

வண்டல் மாதிரி எடுப்பது எப்படி?

தவறுகளில் பெரும்பாலானவை படகிலேயே நடந்துவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் அவற்றைத் திருத்த வழியில்லை.

கவ்வி எடுக்கும் வான்வீன் கிராப் மலிவு, சுலபம். ஆனால் அது வேகமாக இறங்கும்போது முன்னால் தள்ளும் நீர், மேலே பஞ்சுபோல் கிடக்கும் படிவை ஊதித் தள்ளிவிடும். புதிதாகப் படிந்த எண்ணெய் இருப்பது அந்தப் படிவில்தான். ஆகவே குழாய் வடிவக் கோரர் நல்லது. ஆழம் குறைந்த இடத்தில் மூழ்குநர் கையாலேயே குழாயை அழுத்தி எடுக்கலாம். உள்விட்டம் 10 சென்டிமீட்டர் போதும். மேலே வந்ததும் வண்டலுக்கு மேல் நிற்கும் நீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் மாதிரி நல்லது. கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். குழாயைச் சாய்க்காமல் வைத்து, நீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள்.

பிறகு அடியிலிருந்து தள்ளி 0–1, 1–2, 2–3, 3–5, 5–10 சென்டிமீட்டர் அடுக்குகளாக வெட்டுங்கள். குழாய்ச் சுவரை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் விளிம்பை எறிந்துவிட வேண்டும். மேலடுக்கு எண்ணெய் சுவரோடு தேய்ந்து கீழடுக்குவரை வந்திருக்கும். மிஞ்சும் 8 சென்டிமீட்டர் நடுப்பகுதியில் ஓர் அடுக்குக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் கிடைக்கும். அதில் 5 கிராம் டிஎன்ஏவுக்கு, கிருமி நீக்கிய குழாயில், உடனே திரவ நைட்ரஜனிலோ உலர்பனியிலோ வைத்துப் பிறகு மைனஸ் 80 டிகிரிக்கு மாற்றுங்கள். 40 கிராம் எண்ணெய் அளவீட்டுக்கு, கரைப்பானில் கழுவி டெஃப்லான் மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில். குப்பியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் உறையும்போது வெடிக்கும். மிச்சம் துகள் அளவுக்கும் கரிமக் கார்பனுக்கும். இவ்விரண்டையும் அளக்காமல் விட்டால், பாக்டீரியாக் கூட்டம் மாறியது எண்ணெயாலா, சேறு மணலாக மாறியதாலா என்று பிறகு பிரித்துச் சொல்லவே முடியாது.

படகின் டீசல் புகை, வின்ச் கம்பியில் பூசிய கிரீஸ் இரண்டும் எண்ணெய் அளவீட்டைக் கெடுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று வரும் பக்கம் நின்று வெட்டுங்கள். அந்தக் கிரீஸிலும் டீசலிலும் கொஞ்சம் தனிக் குப்பியில் எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டிஎன்ஏ ஆய்வில் எங்கே சறுக்குகிறது?

வழக்கமான முறை: 0.25 முதல் 0.5 கிராம் வண்டலை நுண்மணிகளுடன் குலுக்கிச் செல்களை உடைத்து டிஎன்ஏ பிரிப்பது, வகைகளை அடையாளம் காட்டும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் வி4 பகுதியைப் பிசிஆர் முறையில் பெருக்குவது, வரிசைப்படுத்துவது. எண்ணெய்ச் சேற்றில் ஹியூமிக் (மட்கிய கரிமப்) பொருள்கள் டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து பிசிஆரை முடக்கும். பட்டை வரவில்லை என்றால் டிஎன்ஏ இல்லை என்று முடிவு கட்டாமல், பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வண்டலே சேர்க்காத வெற்றுப் பிரிப்பு ஒன்றையும் ஒவ்வொரு தொகுதியோடும் வரிசைப்படுத்துங்கள். பிரிப்புக் கிட்டுகளிலேயே ரால்ஸ்டோனியா போன்ற பாக்டீரியாக்களின் டிஎன்ஏ கலந்திருப்பதுண்டு.

எல்லாவற்றையும்விட அதிகம் கண்ணில் படும் பிழை, விழுக்காட்டை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது. 1,000 செல்களில் 100 அமோனியா ஆக்சிஜனேற்றிகள் இருந்தால் அது 10 விழுக்காடு. எண்ணெய் தின்பவை 9,000 கூடிவிட்டால் அதே 100 செல்கள் 1 விழுக்காடு ஆகிவிடும். ஒன்றுகூடச் சாகவில்லை, ஆனால் வரைபடம் ‘90 விழுக்காடு அழிவு’ என்று காட்டும். அளவறி பிசிஆர் மூலம் மொத்த மரபணு எண்ணிக்கையையும், அமோனியா ஆக்சிஜனேற்ற மரபணுவையும் தனியாக அளந்தால்தான் அழிவைப் பற்றிப் பேசலாம். இறந்த செல்களின் டிஎன்ஏ குளிர்ந்த வண்டலில் நெடுநாள் தங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இப்போது இயங்குபவை எவை என்று தெரிய ஆர்என்ஏ வேண்டும்.

எண்ணெய் குறைந்தது பாக்டீரியாவால்தான் என்று எப்படி நிறுவுவது?

ஹோப்பேனை அளவுகோலாகக் கொள்வதுதான் நடைமுறை. கொட்டிய மூல எண்ணெயில் ஒரு சேர்மத்துக்கும் ஹோப்பேனுக்கும் உள்ள விகிதம் 40 என்று வையுங்கள். வண்டலில் அது 4 ஆக இருந்தால் அந்தச் சேர்மத்தில் 90 விழுக்காடு போய்விட்டது. அது ஆவியாகவும் போயிருக்கலாம், கரைந்தும் போயிருக்கலாம். பிரித்தறிய நேர்ச்சங்கிலியான 17 கார்பன் ஆல்கேனுக்கும் கிளைச்சங்கிலியான பிரிஸ்டேனுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆவியாகும். பாக்டீரியா மட்டும் நேர்ச்சங்கிலியை முதலில் தின்னும். விகிதம் விழுந்தால் அது உயிரிச் சிதைவு. மாதங்கள் கடந்தால் பிரிஸ்டேனும் சிதையத் தொடங்கும் என்பதால் இந்த விகிதம் தொடக்கக் கட்டத்துக்கு மட்டுமே. மூல எண்ணெய் கையில் இல்லாவிட்டால் இதில் எதையும் சரிவரச் செய்ய முடியாது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குடுவைச் சோதனை செய்ய அளவுகள் என்ன?

250 மில்லிலிட்டர் குடுவையில் 20 கிராம் ஈர வண்டல், 80 மில்லிலிட்டர் வடிகட்டிய கடல்நீர், 0.1 கிராம் எண்ணெய். எண்ணெயை முன்பே காற்றோட்டத்தில் வைத்து எடையில் கால்பங்கு குறையும்வரை ஆவியாக்கிக்கொள்ளுங்கள். சத்து சேர்ப்பதானால் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் எடை விகிதம் 100:10:1. மேற்சொன்ன எண்ணெய்க்கு 61 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட், 4.8 மில்லிகிராம் டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். நான்கு வகைக் குடுவைகள்: எண்ணெய் இல்லாதது, எண்ணெய் மட்டும், எண்ணெயும் சத்தும், உயிர்நீக்கிய வண்டலோடு எண்ணெய். 0, 3, 7, 14, 28ஆம் நாள்களில் ஒவ்வொரு வகையிலும் மூன்று குடுவைகளை முழுதாக எடுத்துவிடுவதானால் மொத்தம் 60 குடுவைகள். வண்டலின் உயிர்நீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் ஒருமுறை போதாது. வித்துகள் பிழைத்துக்கொள்ளும். மூன்று நாள் தொடர்ந்து, தினம் ஒருமுறை செய்யுங்கள்.

அடிக்கடி நடக்கும் கோளாறு: குடுவையை இறுக மூடுவது. உள்ளே இருக்கும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 40 மில்லிகிராம்தான். 0.1 கிராம் எண்ணெய்க்குத் தேவை 340 மில்லிகிராம். முதல் வாரத்திலேயே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, மாணவர் அறியாமலே ஆக்சிஜனற்ற சோதனையாக அது மாறிவிடும். சத்து சேர்த்த குடுவையில் அந்த நைட்ரேட்டும் உணவாக இல்லாமல் சுவாசத்துக்குச் செலவாகும். பஞ்சு அடைப்பு வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். ஆவியான நீரைக் கிருமி நீக்கிய வாலைவடிநீரால் ஈடுசெய்யுங்கள். பஞ்சு வழியே ஆவியாகும் எண்ணெயின் அளவை உயிர்நீக்கிய குடுவை காட்டிக்கொடுக்கும். குலுக்கிய குடுவையின் வேகத்தை அப்படியே கடலடிக்குப் பொருத்திச் சொல்லக்கூடாது. அது உச்ச வேகம்.

எண்ணூரில் இதையெல்லாம் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கன எரிபொருள் எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் அள்ளியதை எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. முதலாவது திறந்த கரையில், கன எண்ணெய். இரண்டாவது சேறும் அலையாத்தியும் உள்ள கழிமுகத்துக்குள், வெள்ள வண்டலோடு. வண்டல் பாக்டீரியா நோக்கில் இரண்டாவதுதான் நெடுநாள் தங்கக்கூடியது.

அங்கே ஆய்வு செய்வோருக்குப் பெரிய இடைஞ்சல், ஒப்பிடத்தக்க சுத்தமான இடம் பக்கத்தில் இல்லாதது. நிலக்கரிச் சாம்பல், அனல் மின்நிலையச் சூட்டு நீர், சாக்கடை என்று பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. பழவேற்காட்டை ஒப்பீட்டு இடமாக எடுத்தால் உப்புத்தன்மையே வேறு. ஒரே ஒரு ‘கட்டுப்பாட்டு இடம்’ வைப்பதைவிட, எண்ணெய் செறிந்த இடத்திலிருந்து குறையும் திசையில் ஆறேழு இடங்களை வரிசையாக எடுத்து, உப்பு, துகள் அளவு, கரிமக் கார்பன், உலோகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அளப்பது மேல். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்ததை மழைக்குப் பின் எடுத்ததோடு ஒப்பிடவும் கூடாது. வெள்ளம் உப்பைக் குறைத்துப் புது வண்டல் கொண்டுவந்திருக்கும். பாக்டீரியாக் கூட்டம் அதனாலேயே மாறியிருக்கும்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாவால் மனிதருக்கோ மீனுக்கோ நோய் வருமா?

அல்கானிவோராக்ஸ், சைக்ளோகிளாஸ்டிகஸ் போன்றவை நோய் தருவதாகப் பதிவில்லை. தார் உருண்டைகளில் விப்ரியோ வல்னிஃபிகஸ் கிருமி கூடுதலாக இருந்ததை 2010 கசிவுக்குப் பிறகு அலபாமா, மிசிசிப்பிக் கரைகளில் கண்டார்கள். புண் உள்ள கையால் தார் உருண்டையைத் தொட வேண்டாம். கையுறை போடுங்கள்.

கசிவுச் செய்தி வந்ததும் முதல் இரண்டு நாளில் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

எண்ணெய் இன்னும் வந்து சேராத இடங்களின் வண்டல்தான் முதலில். நீரோட்டத் திசையைக் கேட்டுக்கொண்டு, எண்ணெய் போகக்கூடிய பக்கம் முந்திக்கொண்டு போய் எடுங்கள். 2017இல் எண்ணெய் தெற்கே மெரினா பக்கம்வரை போனது. அந்த இடங்களிலெல்லாம் முன்மாதிரி எடுக்கச் சிறிது அவகாசம் இருந்தது. வந்து சேர்ந்த பிறகு அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்காது.

அடுத்து மூல எண்ணெய் 100 மில்லிலிட்டர், அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், குளிரில். பிளாஸ்டிக் புட்டி கூடாது, அதிலிருந்து சேர்மங்கள் எண்ணெய்க்குள் இறங்கும். வண்டலை ஒவ்வோர் இடத்திலும் மூன்று தனிக் குழாய்களில் எடுங்கள். ஒரே குழாயை மூன்றாகப் பிரித்தால் அது மூன்று மாதிரி ஆகாது. ஒவ்வொன்றிலும் இடத்தின் ஆயத்தொலை, ஆழம், நேரம், ஏற்றமா வற்றமா என்பது, நீரின் வெப்பமும் உப்பும், சேற்றின் நிறம் எத்தனையாவது மில்லிமீட்டரில் கறுப்பாகிறது என்பது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைப்பானில் அழிந்துவிடும். ஆய்வுக்குப் பணம் உடனே கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மைனஸ் 80 டிகிரியில் வைத்த வண்டலை ஆண்டுகள் கழித்தும் ஆராயலாம்.